காலி ரீலை ஸ்கேன் செய்யாதீர்கள்: மின்னணு ஆலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பெரிய மின்னணு ஆலைகளில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டிப்ளமோ முடித்துப் பயிற்சியாளராக நுழைந்து, ஆபரேட்டராகி, இப்போது மின்சுற்றுப் பலகைகளில் (போர்டுகளில்) நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் ஓர் எஸ்.எம்.டி லைனுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். 2012-இல் நான் செய்த அதே தவறை, ஏறத்தாழ அதே கையசைவுடன், புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி சென்ற மாதம் என் கண்ணெதிரே செய்யப் போனதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. நேரத்துக்கு வாருங்கள், செல்போனை உள்ளே கொண்டுவராதீர்கள் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை; அவற்றைச் சொல்ல வாசலிலேயே செக்யூரிட்டி நிற்கிறார்.

ஸ்கேனர் மறுத்தால் வேறு லேபிளைக் காட்டுவது

லைனில் ஒரு ரீல், அதாவது பாகங்கள் வரிசையாகப் பதித்த நாடாச் சுருள், தீர்ந்தால், இயந்திரம் நின்று விளக்கு எரியும். புதிய ரீலின் லேபிளையும், அதை இயந்திரத்துக்கு ஊட்டும் ஃபீடரின் லேபிளையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்தினால்தான் இயந்திரம் மறுபடி ஓடும். 2012-இல் ஓர் இரவு ஷிப்டில் நான் மாட்டிய கெப்பாசிட்டர் ரீலைப் 'பொருந்தவில்லை' என்று ஸ்கேனர் இரண்டு முறை மறுத்தது. லேபிள் கசங்கியிருந்தால் அது அப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லைன் லீடர் உற்பத்திக் கணக்குப் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் கிடந்த காலி ரீலை எடுத்து அதன் லேபிளைக் காட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது, லைனும் ஓடியது.

கசங்கியது லேபிள் அல்ல, ரீலே தவறானது. 1 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட் போய்க்கொண்டிருந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பழுப்பு நிறத் துணுக்கின் மேல் எந்த எழுத்தும் இருக்காது என்பதால், ஆய்வுக் கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான். மின்சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதே மின்வழியில் இணையாக 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று இருந்தது. அதற்கு அனுமதிக்கப்பட்ட இருபது சதவீத ஏற்ற இறக்கத்துக்குள் என் தவறு முழுவதும் ஒளிந்துகொண்டது. முப்பது நொடிக்கு ஒரு பேனல், பேனலுக்கு நான்கு போர்டு, போர்டுக்கு ஆறு இடம். மூன்று மணி நேரம் கழித்து, இயக்கச் சோதனையில் போர்டுகள் தாமாகவே அணைந்து எழத் தொடங்கியபோது, 1,440 போர்டுகளில் 8,640 தவறான கெப்பாசிட்டர்கள் உட்கார்ந்திருந்தன.

இதுவரை நடந்தது விபத்து என்று கூடச் சொல்லலாம். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அதற்குப் பின் நடந்ததுதான். ஸ்கேன் செய்யாமல் ஓடியிருந்தால் பதிவேட்டில் ஓர் ஓட்டை இருந்திருக்கும், தேடுகிறவர்கள் நேராக அங்கே வந்திருப்பார்கள். நான் பொய்யான பதிவை உண்டாக்கியிருந்தேன். சரியான ரீல்தான் ஓடியது என்று கணினி சாட்சி சொன்னதால், பொறியாளர்கள் பவர் சிப்பைச் சந்தேகித்து, அந்த லாட் முழுவதையும் நிறுத்திவைத்து, இரண்டு நாட்கள் வேறு திசையில் அலைந்தார்கள். காலி ரீல் எனக்கு நினைவுக்கு வந்தும் நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பார்த்த பிறகே விஷயம் வெளிவந்தது. ரீவொர்க் மேசையில் நான்கு நாட்கள் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, சூடான ட்வீசரால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றியது அக்காக்கள்தான். அவர்களில் ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை என்பது இன்னும் மோசமாக இருந்தது.

சென்ற மாதம் அந்தத் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தியபோது, அவர் மாட்டியது சரியான ரீல்தான். வேறு தயாரிப்பாளரின் மாற்றுப் பாகம் என்பதால் அந்த எண் கணினியில் ஏற்றப்படாமல் இருந்தது. ஏற்றி முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. "ரீல் சரிதானே, அண்ணா, அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் காலி ரீலைக் கையில் எடுத்த நொடியில் அது சரியான ரீல் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்கேனர் மறுத்தால் லைன் நிற்கட்டும். லைன் லீடரைக் கூப்பிடுங்கள், அவர் முகம் சுளித்தாலும் கூப்பிடுங்கள்.

கைப்பட்டையைச் சட்டையின் மேல் கட்டுவது

உடலில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு அனுப்பும் மணிக்கட்டுப் பட்டையின் உலோகப் பகுதி தோலைத் தொட வேண்டும். நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் நம் விரலுக்கு உறைக்கும். பல சிப்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவிலேயே அடிபட்டுவிடும். அடிபட்ட சிப், சோதனைகளில் தேறி, வாங்கியவர் வீட்டில் போய் உயிரை விடவும் கூடும். பட்டை வழியாக ஷாக் அடிக்குமா என்று அஞ்ச வேண்டாம், அதற்காகவே வயரில் 1 மெகாஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள்.

குளிர்ந்த சோல்டர் பேஸ்ட்டைத் திறப்பது

பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் இந்தப் பசையின் டப்பா தானாக அறை வெப்பநிலைக்கு வரும்வரை மூடியைத் தொடாதீர்கள்.

கீழே விழுந்த போர்டைத் துடைத்து லைனில் வைப்பது

பழுதானவற்றைப் போடும் சிவப்புப் பெட்டி அதற்காகத்தான் இருக்கிறது.

ஒரே மேசையில் பழகிப்போவது

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது, இவ்வளவு பெரிய ஆலையை மூட முடியும் என்பதையே எங்களில் பலர் அப்போதுதான் உணர்ந்தோம். எட்டு ஆண்டு திருகு முடுக்கியவருக்கு, அடுத்த கம்பெனியின் நேர்முகத் தேர்வில் சொல்ல அந்தத் திருகு மட்டுமே இருக்கும். ஓய்வு கிடைக்கும்போது அடுத்த இயந்திரத்தின் அருகில் போய் நில்லுங்கள், ஃபீடர் மாட்டவாவது கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு ஒரு யுஏஎன் வாங்குவது

வருங்கால வைப்பு நிதிக்கான 12 இலக்க எண் வாழ்நாள் முழுவதற்கும் ஒன்றுதான். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பழைய எண்ணைச் சொல்லாமல் புதிய எண் வாங்கிக்கொள்பவர்களின் பணம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சேரும் நாளிலேயே பழைய எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அத்துடன் ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்றும் பார்த்து அப்படியே எழுதுங்கள். ஒரு 'எஸ்' இடம் மாறியதற்காக நான் மூன்று நாள் விடுப்பு எடுத்து அலைந்திருக்கிறேன்.