பழைய காரில் பெட்ரோல் முள் எழவில்லையா? நான் சரிசெய்த விதம்

டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் முள் காலியைத் தாண்டவில்லை. மீட்டரைக் கழற்றும் முன் டேங்க்கில் உள்ள சென்டரின் (sender, மிதவை மூலம் பெட்ரோல் அளவை மீட்டருக்குச் சொல்லும் பாகம்) வயரைப் பிடுங்கி, இக்னிஷனைப் போட்டு, அந்த வயரை பாடியில் இரண்டு மூன்று விநாடி மட்டும் தொட்டேன். முள் நிறைவுக்கு ஏறியது. மீட்டரும் வயரும் நலம் என்று அர்த்தம். (0 முதல் 90 ஓம் வரையிலான சென்டர் உள்ள வண்டிகளில் இது தலைகீழ்: இப்படி பாடியில் தொட்டு எர்த் செய்தால் முள் காலிக்கு இறங்கும்.) தொடும் இடம் டேங்க் வாயிலிருந்து தள்ளியே இருக்கட்டும், பொறி பறக்கும்.

அடுத்து எர்த். சென்டர் உடலுக்கும் சேசிஸுக்கும் இடையே ஏறக்குறைய 0 ஓம் வர வேண்டும். துரு இருந்தால் சுரண்டித் தனி வயர் போடுங்கள். எனக்கு அது சரியாகவே இருந்தது.

சென்டரை வெளியே எடுத்ததும் காரணம் தெரிந்தது. பித்தளை மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது. விளிம்பு மூட்டில் மயிரிழை ஓட்டை; அதில் பெட்ரோல் புகுந்து மிதவை மூழ்கியதால்தான் முள் எழவில்லை. சால்டர் வைக்கலாம்தான், ஆனால் உள்ளே ஆவி மிச்சமிருந்தால் வெடிக்கும். அதனால் புது மிதவையே போட்டேன். கேஸ்கெட்டும் புதிது.

முள்ளை முழுதாக நம்பாமல், டேங்க்கில் விட்டு அளவு பார்க்க ஒரு மரக்குச்சியும் செய்துகொண்டேன். காலி டேங்க்கில் 5 லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஈரக்கோட்டில் கத்தியால் கீறினேன். டேங்க்கின் அடி வளைந்திருப்பதால் கீறல்கள் சம இடைவெளியில் விழாது. ஈரம் சட்டென உலரும், எடுத்ததுமே பாருங்கள்.