வெளிநாட்டிலிருந்து வேலூர் வீட்டுக்குக் கார் வாங்கிப் பராமரிக்கும் முறை

நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். என் பெற்றோர் காட்பாடி காந்தி நகரில் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாங்கி வைத்த முதல் கார், அப்பாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி வந்தபோது கிளம்பவில்லை. ஐந்து வாரமாக யாரும் எடுக்காமல் போர்ட்டிகோவிலேயே நின்றதால் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அப்பா நலமாகத் திரும்பினார். அந்த வண்டி மொத்தமே 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. பணம் அனுப்பிக் கார் வாங்கிக் கொடுப்பது வேறு, அது தேவைப்படும் நேரத்தில் கிளம்பும்படி வைத்திருப்பது வேறு என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். வளைகுடாவிலோ வேறெங்கோ இருந்துகொண்டு, முப்பது நாள் விடுப்பில் வந்து ஊரில் கார் வாங்க நினைப்பவர்களுக்காக, நான் இப்போது பின்பற்றும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: வண்டி யார் பெயரில்?

கடைக்குப் போவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். ஊரில் நிரந்தரமாக இருப்பவர் பெயரில் பதிவு செய்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் உரிமையாளராக இருந்தால், முகவரி மாற்றம், கடன் நீக்கம், இன்சூரன்ஸ் கோரிக்கை, விற்பனை ஆகிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் கையெழுத்தோ உங்கள் ஆதாருடன் இணைத்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யோ வேண்டியிருக்கும்; விபத்து வழக்கு என்றால் நோட்டீஸும் உங்கள் பெயருக்கே வரும். அப்பா அல்லது அம்மா பெயரில் வாங்கினால் இவை அனைத்தையும் வேலூரிலேயே முடித்துவிடலாம். மகன் பெற்றோருக்கு அனுப்பும் பணம் உறவினர் அன்பளிப்பு என்பதால் அதற்கு அவர்கள் வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

வயதானவர் பெயரில் பதியும்போது ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) நாமினி பெயரையும் சேர்த்துவிடுங்கள். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம் இதற்கு வழி செய்திருக்கிறது. பெற்றோரிடம் இதைப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் பின்னால் வாரிசுச் சான்றிதழுக்காக அலையும் சிரமம் பெரிது.

இரண்டாம் படி: புதியதா, பழையதா?

பெற்றோர் மாதம் இரண்டு முறை மருத்துவமனைக்கும், எப்போதாவது ரத்தினகிரிக்கோ ஸ்ரீபுரத்துக்கோ போவதற்கு மட்டும் என்றால், நன்றாகப் பராமரிக்கப்பட்ட செகண்ட் ஹேண்ட் பெட்ரோல் வண்டி போதும். டீசல் வண்டி வேண்டாம். மாசு கட்டுப்பாட்டுக்காக அதில் உள்ள புகை வடிகட்டி, குறைந்த தூரமே ஓடும் வண்டியில் விரைவில் அடைத்துக்கொள்ளும்.

புதிய வண்டிக்கு ஷோரூம் விலையோடு ஆயுட்கால வரியையும் கணக்கில் எடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். 10 லட்சத்தைச் சற்றே தாண்டும் மாடலைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஐந்து சதவீத வித்தியாசத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய வண்டியைக் கன்சல்டிங்கில் (பழைய கார் விற்கும் தரகுக் கடையில்) வாங்கினாலும் தெரிந்தவரிடம் வாங்கினாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன் பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் அதன் எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் எத்தனையாவது ஆள், வங்கிக் கடன் நிலுவையில் இருக்கிறதா, இன்சூரன்ஸும் புகைச் சான்றும் எதுவரை உள்ளன என்பதெல்லாம் அதில் தெரியும். அபராத நிலுவையை இ-சலான் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும்.

வண்டியை நேரில் பார்க்கும்போது சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்த வண்டி தண்ணீரில் மூழ்கியது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. நம் ஊருக்குச் சென்னை வண்டிகள் வருவது சகஜம் என்பதால், கால்மிதிக்குக் கீழே உள்ள விரிப்பையும் தூக்கி, துருவும் வாடையும் இருக்கிறதா என்று பார்க்கத் தயங்காதீர்கள். நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்வதற்கு ஆகும் செலவு வீண் போகாது.

பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்தைப் பெற்று, உங்கள் விடுப்பு முடிவதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் புதிய பெயருக்கு மாற்றக் கோர வேண்டும். விற்பவருக்குச் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவருக்குரியது. வண்டியோடு உங்களுக்கு வராது.

மூன்றாம் படி: இன்சூரன்ஸ்

நான் ஏமாந்த இடம் இதுதான். 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்கப்படுகிறது. ஆனால் நம் வண்டியின் சேதத்துக்கான காப்பீடு பெரும்பாலும் ஓர் ஆண்டுக்குத்தான். பத்திரத்தில் மூன்று ஆண்டுகள் என்று இருந்ததைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு ஒரு லாரி உரசி இரண்டு கதவுகளும் நசுங்கியபோதுதான், சேதக் காப்பீடு முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தது தெரிந்தது. டிங்கரிங், பெயிண்டிங் செலவு முழுவதும் கையிலிருந்து போனது. காலாவதியாகி 90 நாட்களைத் தாண்டியிருந்ததால் போனஸும் போயிற்று. ஆகவே இரண்டு முடிவுத் தேதிகளையும் தனித்தனியாகக் கைபேசி நாட்காட்டியில் குறித்து, ஒரு மாதம் முன்பாகவே நினைவூட்டும்படி வையுங்கள்.

பாலிசி எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. உரிமையாளரான அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஓட்டுநர் உரிமம் இல்லையென்றால், உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு அவர்களுக்குப் பயன்படாது. அதற்குப் பதிலாகப் பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டையும், சம்பள ஓட்டுநருக்கான காப்பீட்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது எஞ்சின் பாதுகாப்பு. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததை நாம் பார்த்தோம். தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததால் உண்டாகும் உடைப்பைச் சாதாரண பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. கூடுதல் பிரீமியம் கட்டி இதைச் சேர்த்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியைத் திருப்பவே கூடாது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: எண்களும் ஆவணங்களும்

பரிவாகன், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் மூன்றிலும் ஊரில் உள்ளவரின் கைபேசி எண்ணைப் பதிவு செய்யுங்கள். உங்கள் இந்திய சிம்மையும் ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். பழைய வண்டி என்றால் முந்தைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்கை அவர் மூடிய பிறகே புதியது எடுக்க முடியும். ஆர்.சி.யும் இன்சூரன்ஸும் டிஜிலாக்கரில் இருந்தால் சோதனையின்போது அதுவே செல்லும். புகைச் சான்று புதிய வண்டிக்கு ஓர் ஆண்டு கழித்துத் தேவைப்படும். அதன் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஓடாத வண்டியைக் காப்பது

ஓடித் தேயும் வண்டியைவிட நின்று கெடும் வண்டிதான் வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளில் அதிகம். ஆகவே, நீங்கள் விடுப்பு முடிந்து வெளிநாட்டுக்குத் திரும்புவதற்கு முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, வாரம் ஒருமுறை வண்டியை எடுக்க ஒரு நம்பிக்கையான ஆளை ஏற்பாடு செய்வதாகும். எங்கள் வீட்டில் ஒரு ஆக்டிங் டிரைவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ரத்தினகிரி வரை போய் வருகிறார். அவருடைய ஓட்டுநர் உரிமத்தின் முடிவுத் தேதியையும் நான் குறித்து வைத்திருக்கிறேன், ஏனெனில் உரிமம் காலாவதியானவர் ஓட்டினால் இழப்பீடு சிக்கலாகும்.

போர்ட்டிகோவிலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓட விட்டு அணைப்பது போதாது. எஞ்சின் ஆயில் முழுச் சூடு அடையாததால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறாது; ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் பேட்டரிக்கு முழுதாகத் திரும்பாது; பிரேக் தட்டில் படியும் துருவும் போகாது. சாலையில் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஏ.சி.யையும் போடச் சொல்லுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். நல்ல பேட்டரி முழு சார்ஜில் ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும், 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். வேலூர் வெயில் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும், ஆகவே சித்திரை பிறப்பதற்கு முன் ஒருமுறை சோதிப்பது நல்லது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுச் செல்லாதீர்கள். நீண்ட நாள் நின்றால் அது ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் அணை கொடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் டாட் என்ற குறிக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. தரையில் படும் பட்டன் தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், ஆறு ஆண்டுகளைத் தொட்டு, வெயிலில் வெடிப்பு விட்ட டயரில் பெற்றோரை நெடுஞ்சாலைக்கு அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

எலித் தொல்லைக்குப் பானெட்டுக்குள் புகையிலை வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். சில நாள் பயன் தரும். வாரந்தோறும் பானெட்டைத் திறந்து பார்ப்பதே உறுதியான வழி; கடித்த வயரை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் செலவு குறையும். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றவே கூடாது. நம் பகுதியில் பல இடங்களில் அது உப்புத் தண்ணீர். உள்ளே படிவு கட்டும். கூலண்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

சர்வீஸைப் பொறுத்தவரை, கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம் என்று இருந்தால் எது முதலில் வருகிறதோ அதையே கொள்ள வேண்டும். ஓடாத வண்டிக்கு மாதக் கணக்குதான் பொருந்தும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பழைய பாகங்களின் படத்தையும் பில்லையும் அனுப்பிய பிறகே பணம் அனுப்புவேன் என்று பட்டறையில் மரியாதையாகச் சொல்லி வைத்தால், அவர்களும் கவனமாக வேலை செய்வார்கள்.

ஆறாம் படி: உங்கள் உரிமமும் பிற்கால விற்பனையும்

விடுப்பில் வந்து நீங்களே ஓட்ட வேண்டுமென்றால் உங்கள் இந்திய உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டைக் கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு விடுப்புகளுக்கு முன்பே தேதியைப் பாருங்கள்.

வண்டியை விற்கும்போது, பெயர் மாற்றம் பரிவாகனில் தெரியும் வரை விடாமல் கவனியுங்கள். அதுவரை நடக்கும் விபத்துக்குப் பதிவேட்டில் உள்ள உங்கள் அப்பாவோ அம்மாவோதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஃபாஸ்டேக்கை அன்றே மூடிவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் நோ கிளெய்ம் போனஸுக்கான கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது மூன்று ஆண்டுகள் வரை செல்லும் என்பதால், அடுத்த விடுப்பில் அவர் பெயரிலேயே வாங்கும் வண்டிக்குப் பயன்படும்.