உள்ளூர் ராக் பேண்டுக்குக் கூட்டம் சேர வேண்டுமா? சீக்கிரம் போங்கள்

உங்கள் ஊர் ராக் பேண்டுகள் வளர வேண்டும் என்று நினைத்தால், முதல் வேலை நிகழ்ச்சிக்கு நேரத்துக்குப் போவதுதான். பலரும் கடைசி பேண்டுக்குத்தான் வருகிறார்கள். முதலில் மேடையேறுகிறவர்கள் சவுண்ட் இன்ஜினியருக்கு மட்டும் வாசித்துவிட்டு இறங்குகிறார்கள், பாவம். பத்துப் பேர் மேடையை ஒட்டி நின்றாலே டிரம்மர் அடிக்கிற அடி மாறும், பாருங்கள்.

டிக்கெட்டை முன்னாலேயே வாங்குங்கள். "வாசலில் பார்த்துக்கலாம்" என்று எல்லோரும் இருந்துவிட்டால், முன்பதிவைப் பார்த்து அரங்குக்காரர் நிகழ்ச்சியையே ரத்து செய்துவிடலாம்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பது சரி, ஆனால் ஒரு தடவை கேட்டால் பேண்டுக்குச் சில்லறைகூடத் தேறாது. மேடை ஓரத்து மேஜையில் ஒரு டி-ஷர்ட் வாங்கினால் அடுத்த ரிஹர்சல் வாடகைக்காவது உதவும். ஆல்பம் வாங்குவதென்றால், பேண்டுகள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் 2020 முதல் சில வெள்ளிக்கிழமைகளில் தன் கமிஷனை விட்டுக்கொடுக்கிறது, அன்று வாங்குங்கள்.

அப்புறம் வீடியோ. முழுப் பாட்டும் வேண்டாம், நல்ல கிட்டார் பகுதியாக 30 விநாடி போதும், பேண்டை டேக் செய்து அடுத்த நிகழ்ச்சித் தேதியையும் சேர்த்துப் போடுங்கள். ராக் பக்கமே வராத நண்பர் ஒருவரையும் இழுத்துக்கொண்டு போங்கள், சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ள ஒரு ஜோடி இயர்பிளக்கைக் கையில் கொடுத்து.