இலைப் பணத்தை நம்பி வாழ்கிறவர்கள் கிரெடிட் கார்டு எடுப்பது எப்படி?

கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் யாராவது முதல் கிரெடிட் கார்டை ஆன்லைனில் எடுக்க நினைத்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏர்போர்ட் லவுஞ்ச் இலவசம் என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விமானம் ஏற நாம் கோவைக்கு இறங்க வேண்டும், அதுவும் எப்போதோ ஒருமுறை. நமக்கு முக்கியம், ஃபேக்டரிக்குக் கொடுத்த பச்சைத் தேயிலைக்கான இலைப் பணம் வரும் தேதியும் கார்டு பில் கட்டும் தேதியும் ஒத்துப்போவதுதான்.

படி 1: தேதியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்டேட்மென்ட் (மாதப் பில்) வருவது 5-ம் தேதி, கட்டக் கெடு 25-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 6-ம் தேதி ஒரு கவாத்து மெஷின் வாங்கினால், அது அடுத்த மாதப் பில்லில்தான் வரும். வட்டியில்லாமல் சுமார் 50 நாள் கிடைக்கும். அதையே 4-ம் தேதி வாங்கினால் 21 நாள்தான். பழைய பாக்கி இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது.

இலைப் பணம் 15-ம் தேதி வாக்கில் வருகிறதென்றால் கெடு 20-க்கு மேல் இருக்கட்டும். பில் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தயங்காமல் கேளுங்கள்.

படி 2: ‘மினிமம் டியூ’வை நம்பாதீர்கள்

இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பில் 10,000 ரூபாய், மினிமம் டியூ, அதாவது கெடுவுக்குள் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 500 என்று வரும். 500 கட்டினால் அபராதம் இருக்காது, ஆனால் வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 350 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 63 ரூபாய். ஆக 413 போய்விட்டது; நீங்கள் கட்டிய 500-ல் அசலில் கழிவது 87 ரூபாய்தான். அதோடு புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும் அப்படித்தான், கட்டணம் வேறு.

அதனால் உறைபனி விழுந்து இலை குறையும் மாதத்தில் கைக்கு எவ்வளவு வருமோ, அதிலிருந்து முழுசாகக் கட்ட முடிகிற தொகைதான் உங்கள் லிமிட். வங்கி ஒரு லட்சம் தரலாம், அது வேறு கணக்கு.

படி 3: கார்டைத் தேர்ந்தெடுங்கள்

முதல் கார்டு ஆண்டுக் கட்டணம் இல்லாததாக இருக்கட்டும். சம்பள ரசீது இல்லாதவர்கள் வங்கியில் எஃப்டி (நிரந்தர வைப்பு) போட்டு, அதன் பேரில் கார்டு வாங்கலாம்; நமக்கு இதுதான் நல்ல வழி என்பேன். ரூபே (இந்தியாவின் சொந்தக் கார்டு நெட்வொர்க்) கார்டாக இருந்தால் யுபிஐயில் இணைத்து, கடைகளின் வியாபார க்யூஆரில் ஸ்கேன் செய்யலாம். தனியாள் கணக்குக்கு அனுப்ப முடியாது.

படி 4: விண்ணப்பியுங்கள்

வங்கியின் சொந்த ஆப் அல்லது இணையதளத்தில் மட்டும். வாட்ஸ்அப்பில் வந்த லிங்க் வேண்டாம். முதலில் 643217 போன்ற உங்கள் பின்கோடுக்குக் கார்டு தருகிறார்களா என்று பாருங்கள். பான், ஆதார் தயாராக இருக்கட்டும். வீடியோ கேஒய்சி (வீடியோ அழைப்பில் நடக்கும் அடையாளச் சரிபார்ப்பு) நடுவில் அறுந்துபோகாமல் இருக்க, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் உட்காருங்கள். ஒரே நேரத்தில் நாலு வங்கிக்கு விண்ணப்பித்தால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுவீர்களா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) அடிவாங்கும்.

படி 5: கார்டு வந்ததும்

புதுக் கார்டில் ஆன்லைன் வசதி மூடியே வரும். ஆப்பில் நீங்கள்தான் திறக்க வேண்டும். அங்கேயே ஒரு நாள் உச்சவரம்பு வையுங்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடியே விடுங்கள். ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கும் அழையுங்கள்.

கார்டு ஒத்துவரவில்லையா? பாக்கியைத் தீர்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள். 7 வேலை நாளுக்குள் மூடாவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி உங்களுக்கு 500 ரூபாய் தர வேண்டும்.