வால்வு ரேடியோவுக்கு மெக்கானிக் கிடைப்பதற்குள் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

பரணிலிருந்து இறக்கிய மர்ஃபியோ பிலிப்ஸோ, பல்பு மாதிரிக் கண்ணாடி வால்வுகளில் ஓடும் மரப்பெட்டி ரேடியோ ஒன்றை வைத்துக்கொண்டு "இதைப் பார்க்க ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆள் குறைவுதான். வால்வு செட்டில் தொழில் பழகியவர்களுக்கு இன்று எழுபது வயதாவது இருக்கும். பலர் கடையை எப்போதோ மூடிவிட்டார்கள். அந்த ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் நாமே ரேடியோவைப் பாதி கொன்றுவிடுகிறோம். நானும் கொன்றவன்தான், அதனால் சொல்கிறேன்.

முதல் தவறு, "ஓடுதா பார்ப்போம்" என்று பிளக்கைச் சொருகுவது. உள்ளே கரண்டைச் சீராக்கும் பெரிய கண்டன்சர் முப்பது வருஷம் சும்மா கிடந்ததில் காய்ந்துபோயிருக்கும். 230 வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் கிட்டத்தட்ட ஷார்ட் ஆன மாதிரி இழுக்கும். ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையர் வால்வு போகும், அடுத்து டிரான்ஸ்ஃபார்மர் கருகும். வால்வு தேடினால் கிடைத்துவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு, திரும்பச் சுற்றித் தர இன்னொரு ஆளைத் தேடி அலைய வேண்டும்.

பழைய கைகள் சீரிஸ் லேம்ப் போட்டுத்தான் பார்ப்பார்கள். அதாவது 60 வாட் குண்டு பல்பு ஒன்றின் வழியாகச் செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது. பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் பயமில்லை. மங்காமல் அப்படியே எரிந்தால் உள்ளே ஏதோ ஷார்ட். எல்.ஈ.டி. பல்பில் இந்த வித்தை நடக்காது. புதிதாக ஒருவரிடம் செட்டைக் கொடுக்கப் போனால், அவர் மேஜையில் இந்தக் குண்டு பல்பு தொங்குகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பின்மூடியைக் கழற்றிக் கை விடுவது அடுத்தது. ஆஃப் செய்த பிறகும் கண்டன்சரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும். சில செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. இரும்புச் சட்டமே நேராக வீட்டு லைனில் இணைந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் சட்டம் முழுக்க கரண்ட். குமிழ் உடைந்து வெறும் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால், ஸ்டேஷன் மாற்றத் தொடுகிறவருக்கு அடிதான். வால்வுகளின் பெயர் யூ.சி.எச்., யூ.எல். என்று 'யூ'வில் தொடங்கினால் பெரும்பாலும் இந்த ரகம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பிளக்கை வெட்டி வைத்தாலும் தப்பில்லை.

சரி, துடைக்கவாவது செய்யலாமே? நான் துடைத்தேன். டயல் கண்ணாடியைக் கழற்றி, ஈரத்துணியால் பின்பக்கம் ஒரு இழுப்பு. கொழும்பு, டெல்லி, பம்பாய் எல்லாம் துணியோடு வந்துவிட்டன. அந்த எழுத்துகள் கண்ணாடியின் உட்புறம் பெயிண்டில் அடித்தவை, அறுபது வருஷத்தில் பிடிமானம் போயிருக்கும். வால்வின் மேல் உள்ள நம்பரும் அப்படித்தான், விரலால் தேய்த்தாலே போகும். நம்பர் போனால் எது எந்த வால்வு என்று மெக்கானிக் விழிக்க வேண்டியதுதான். காய்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உள்ளே சின்ன அலுமினிய டப்பாக்கள் இருக்கும், ஐ.எஃப்.டி. என்பார்கள்; ஸ்டேஷன் சிக்னலைப் பிரித்தெடுக்கும் சுருள்கள் அதற்குள் இருக்கும். மேலே ஒரு திருகு, அதன்மேல் மெழுகு. அதை "லூஸா இருக்கு" என்று இறுக்கிவிடும் புண்ணியவான்கள் ஏராளம். அந்தத் திருகு எதையும் பிடித்து நிறுத்துவதில்லை. செட் 455 கிலோஹெர்ட்ஸிலோ அதை ஒட்டியோ வேலை செய்ய வைத்த அளவு அது. கால் சுற்று திருப்பினால் ரேடியோ பாதிச் செவிடு, திரும்ப ஒத்திசைக்க சிக்னல் ஜெனரேட்டர் என்ற சோதனைக் கருவி வேண்டும். மெழுகு கீறியிருந்தால் யாரோ முன்பே கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி ஆள் தேடும் விஷயம். தவறான கதவைத் தட்டுவதுதான் இங்கே பெரிய தவறு. செல்போன் கடைப் பையன் கெட்டிக்காரனாக இருப்பான், ஆனால் அவன் பழகியது ஐந்து வோல்ட். மைக் செட் வாடகைக்கு விட்ட பழைய சவுண்ட் சர்வீஸ்காரர்கள், தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் பார்த்தவர்கள், போலீஸ் வயர்லெஸ்ஸிலும் தபால் தந்தித் துறையிலும் ஓய்வு பெற்றவர்கள், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் — இவர்களிடம் விசாரியுங்கள். சென்னையில் ரிச்சி தெருக் கடைகளில் "செய்றவர் யாரு?" என்று கேட்டாலும் ஒரு பெயர் கிடைக்கக்கூடும்.

கிடைத்தவரிடம் ஒரே கேள்வி போதும்: "கண்டன்சரை மாத்துவீங்களா?" ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கு (என் செட்டில் இ.எல்.84) முன்னால் இருக்கும் பழைய பேப்பர் கண்டன்சர் லீக் ஆனால், வால்வின் உள்தகடு சிவக்கும் அளவுக்குச் சுடும். அதை விட்டுவிட்டு "வால்வு போச்சு" என்று புதுசு போட்டால், அந்தப் புது இ.எல்.84ம் கொஞ்ச நாளில் அதே வழியில் போகும். எனக்கு இரண்டு போனது. மூன்றாவது ஆள்தான் சில ரூபாய் கண்டன்சரைக் கழற்றிக் காட்டினார்.

"உள்ளே ப்ளூடூத் கிட் வச்சுத் தர்றேன், சூப்பரா பாடும்" என்பவரிடமிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம், கூலியில் பேரம் வேண்டாம். பாகங்களின் விலை கொஞ்சம்தான். அவர் உட்காரும் நேரம்தான் செலவு. மாதக்கணக்கில் ஆகும் என்றால் ஆகட்டும். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

செட் வீட்டுக்கு வந்ததும் "ஒரே கரகரப்பு, சரியா செய்யல" என்று அவரிடமே சண்டைக்குப் போவது கடைசித் தவறு. ஆகாசவாணி மீடியம் வேவ் நிலையங்கள் பலவற்றை மூடிவிட்டது. பத்து மீட்டர் ஒயராவது ஏரியலாகக் கட்டி, அதே இடத்தில் ஒரு டிரான்சிஸ்டரையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படிப் பார்த்தபோது அதுவும் கரகரத்தது. சார்ஜரைப் பிடுங்கினோம், பாதி குறைந்தது. ஹாலில் இருந்த எல்.ஈ.டி. பல்பை அணைத்தோம், சுத்தமாக நின்றது. இப்போது எங்கள் வீட்டில் ரேடியோ கேட்பது இருட்டில்தான், டயல் வெளிச்சம் மட்டும் இருக்கும்.