சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள், சரி. கார்டில் உங்கள் அம்மா பெயர் இருக்கிறதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். மாதம் பிறந்தால் நாலு பேராவது சம்பளச் சீட்டை நீட்டி "அண்ணே, இந்த நூத்தி இருபது ரூபா எதுக்குண்ணே?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சம்பளம் 16,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ.-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 120 ரூபாய். முதலாளி தன் கையிலிருந்து 3.25 சதவீதம், 520 ரூபாய் போடவேண்டும். 2019 ஜூலைக்கு முன்னால் இது 1.75-ம் 4.75-மாக இருந்தது. ஒரு நாள் சராசரிக் கூலி 176 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளி எதுவும் கட்டவேண்டாம், முதலாளி மட்டும் கட்டுவார். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது. ஆக 120 ரூபாய்க்குக் குடும்பத்துக்கே வைத்தியம்; எந்தத் தனியார் பாலிசியும் இந்த விலைக்குக் கிடைக்காது.

சீட்டில் 120-க்குப் பதில் 640 பிடித்திருந்தால் சும்மா விடாதீர்கள். சிடிசி (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு), அது இது என்று விளக்கம் சொல்லி முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கும் இடங்கள் இருக்கின்றன, சட்டப்படி அது கூடவே கூடாது.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம், மாதச் சம்பளம் 21,000-க்குள் (மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000) என்றால் நீங்கள் உள்ளே. ஓவர்டைம் காசு இந்த வரம்புக்குக் கணக்கில்லை, இதில்தான் பாதிச் சண்டை வரும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. முதலில் உங்கள் பத்து இலக்க இ.எஸ்.ஐ. எண்ணை வாங்கி, அதை வைத்து இணையதளத்தில் நுழைந்து, குடும்பத்தார் பெயர், ஆதார், எந்த மருந்தகம் என்பதையெல்லாம் ஒருமுறை பாருங்கள். எங்கள் செக்கிங் பிரிவில் ஒரு பெண், நாலு வருடமாகப் பிடித்தம் போகிறது, அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று கூட்டிக்கொண்டு போனால் கவுண்டரில் "இந்தப் பேரே இல்லையேம்மா" என்றுவிட்டார்கள். சேர்ந்த அன்று அவசரத்தில் அவள் பெயரை மட்டும் ஏற்றிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டது எங்கள் ஆபீஸ்தான். அப்பா அம்மா வருமானம் மாதம் 9,000-க்குள் இருந்து உங்களை நம்பி இருந்தால் சேர்க்கலாம், இன்றே சேர்த்துவிடுங்கள்.

அடுத்து 78 நாள் கணக்கு. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறாறு மாதமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு அரையாண்டில் 78 நாள் சம்பளம் காட்டியிருந்தால்தான் நோய்க்கால உதவி கிடைக்கும். நீங்கள் 26 நாள் வந்திருக்க, கணக்கில் 12 என்று போடும் ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் நாள் எண்ணிக்கையையும் இணையதளத்தில் பாருங்கள். தகுதி இருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழோடு வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் வரும். 16,000 வாங்குபவருக்கு நாளுக்குச் சுமார் 373 ரூபாய். முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம், அதற்கு முந்தைய இரண்டு அரையாண்டிலும் சேர்த்து 70 நாள் போதும். வேலையில் அடிபட்டால் நாள் கணக்கே கிடையாது, சேர்ந்த முதல் நாளிலிருந்து 90 சதவீதம்.

சம்பளம் ஜூலையில் 22,500 ஆனால் உடனே வெளியே போய்விடமாட்டீர்கள், செப்டம்பர் முடியும்வரை பிடித்தம் ஓடும். அந்த அரையாண்டுக்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை உண்டு. வேலையை விட்டவர்களுக்கும் இதே கணக்குதான், கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஒன்பது பேரை மட்டும் ரெஜிஸ்டரில் காட்டும் வித்தை எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்யாத ஆளுக்கு மெஷினில் விரல் போனால் இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். ஒருமுறை உள்ளே வந்த நிறுவனம், ஆள் குறைந்தாலும் உள்ளேதான். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் பணம் கட்டிவிடுங்கள், தாமதித்தால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. ஆள் சேர்ந்த அன்றே எண் போடுங்கள், குடும்பத்தார் ஆதாரையும் அன்றே கேட்டு வாங்குங்கள். நாங்கள் இப்போது அது இல்லாமல் கேட் பாஸ் கொடுப்பதில்லை.