சென்னையிலிருந்து அயர்லாந்து மூதாதையரைத் தேட

அயர்லாந்தில் எந்த ஊர் என்று தெரியாமல் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். பரங்கிமலை, வேப்பேரி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் முதலில் மெட்ராஸ் தேவாலய ஏடுகளைப் பார்ப்பதே சரி. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தின் பிரிட்டிஷ் இந்தியா தொகுப்பில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் உண்டு. முன்னோர் சிப்பாய் என்றால் படைப்பிரிவைக் குறித்துக்கொண்டு, அதே தளத்தில் ஓய்வூதியத் தாள்களைத் திறங்கள். பிறந்த பங்கு (தேவாலய வட்டாரம்) பெரும்பாலும் அதில் இருக்கும்.

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் பெரும்பாலும் இன்று இல்லை; 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி 1922 டப்ளின் ஆவணக்காப்பகத் தீயில் அழிந்தது. 1901, 1911 கணக்கெடுப்புகளை அயர்லாந்து தேசிய ஆவணக்காப்பகத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதற்குச் சந்தா கட்டாதீர்கள்.

பெயர் சிக்கவில்லையா? பெரும்பாலும் எழுத்துக்கூட்டல்தான் காரணம். குடும்பப் பெயரின் முன்னால் வரும் ‘ஓ’வை நீக்கித் தேடுங்கள்; சந்தேகமான எழுத்துகளுக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். கத்தோலிக்க ஏடுகளில் பெயர்கள் பல லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே ஜாகோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். அட்டவணையை மட்டும் நம்பாமல் மூலப் படத்தைத் திறந்து, ஞானப்பெற்றோர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் பல நேரம் நெருங்கிய உறவினர்கள்.

ஃபைண்ட்மைபாஸ்டுக்கு ஒரு மாதச் சந்தாவே போதும். தானாகப் புதுப்பிப்பதை அன்றே நிறுத்திவிடுங்கள்.